ஒரு தரம், ரெண்டு தரம்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுவது. இந்த வீட்டில் என் தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளைக்கு முட்டி வலி தேவலையா?

'பள்ளிக்கூடத்து லீவு லெட்டரையே என்னைத்தானே எழுதச் சொல்வான், இவன் எங்கே கடிதம் எழுதுகிறான்' என்று நீ சிரிப்பது தெரிகிறது. சிரி. பேசக் கூடாது என்று டாக்டர் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். போனில் தட்டலாம் என்றால் என் கட்டை விரல் ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுகிறது. போன வாரம் உன் அண்ணிக்கு ஏதோ தட்டி அனுப்பினேன். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள் என்று என் நம்பரையே தடுத்து வைத்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷமாகத் தொண்டை கரகரப்பு. காய்கறிச் சந்தையில் கத்திக் கத்தி வந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்புறம் மூச்சு இழுத்தது. ஆஸ்துமா என்று ஒருவர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். உறிஞ்சி உறிஞ்சிக் கன்னம் ஒட்டியதுதான் மிச்சம். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்களுக்குக் கீழே, பின்பக்கத்தில், வழவழவென்று ஒரு மேடு இருக்கிறதாம். மயக்கம் கொடுத்து அதில் ஒரு துண்டு கிள்ளப் பார்த்திருக்கிறார். "கல்லு மாதிரி இருக்குங்க, இடுக்கியே வழுக்குது" என்றார். மேலாக ஒரு சிம்புதான் கிடைத்தது.

இப்போது வேடிக்கையைக் கேள். துண்டைச் சோதித்தவர் 'குருத்தெலும்பு. ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார். ஸ்கேன் பார்த்தவர் 'வீக்கம். துண்டுச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஆள் கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். 'என் தங்கச்சி மைக்ராஸ்கோப் டாக்டர், ராத்திரி பகலாக இதே வேலைதான்' என்று சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். "அப்போ அவங்களே பாத்துச் சொல்லட்டுமே" என்றார். ஸ்லைடும் ஸ்கேன் படங்களும் பார்சலில் வருகின்றன.

சந்தையில் என் ஏல மேடையில் இப்போது தகரம் நிற்கிறான். பக்கத்து மேடைக்காரன், உனக்குத் தெரியும். அவன் குரலுக்கு நான் வைத்த பேர் அது. சீக்கிரம் பார்த்துச் சொல்லடி. இந்த வயசில் எனக்கென்று இருக்கிற ஒரே முதல் இந்தத் தொண்டைதான். இது போனால் நான் யார்?

அன்புடன்,
அண்ணன்

*

ஜனவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அவருடைய முட்டி மழைக்கு முன்னாடியே மழை அறிவிப்பு சொல்கிறது, மற்றபடி குறையில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

பார்சல் வந்தது. பிரித்த கையோடு, வெள்ளைக் கோட்டைக்கூட மாட்டாமல் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல செய்தி! ஒழுங்கான குருத்தெலும்பு. செல்கள் எல்லாம் வரிசையாக, அடக்கமாக, உன்னைப் போல இல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பயப்பட ஒன்றுமே இல்லை. குரல்வளைக்கு அடியில் மோதிரம் மாதிரி ஒரு குருத்தெலும்பு வளையம் எல்லோருக்கும் உண்டு. அதில் கொஞ்சம் கிள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான். வீக்கம் நீ கத்திய கத்தலுக்கு வந்திருக்கும்.

உன் டாக்டருக்கும் எழுதிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் வாயைத் திறக்காதே. உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அண்ணிக்கு எவ்வளவு நிம்மதி என்பதும் தெரியும்.

உன்,
சுண்டெலி

*

பிப்ரவரி 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ நூறு வருஷம் நல்லா இரு. மாப்பிள்ளையின் முட்டியும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். சுமை தூக்குகிறவர்கள், வெங்காயக்காரர், தராசுக்காரர் எல்லோரிடமும் காட்டினேன். "அண்ணே, நீங்க எப்போ ஏறுவீங்க? காது வலிக்குது" என்கிறார்கள். தகரம் பாவம்தான். தப்பு விலை கூவிவிட்டால் ரெண்டு மணி அடித்து மறுபடி கூவ வேண்டும் என்பது எங்கள் சந்தை வழக்கம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவன் அடிக்கிற ரெண்டு மணியில், தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் ஓடி வருகிறது.

அதைவிட எனக்கு எரிச்சல், அவன் பெட்டியின் மேல் அடுக்கை மட்டும் காட்டிவிட்டு ஏலத்தைத் தொடங்குகிறான். நான் என்றைக்காவது அப்படிச் செய்திருக்கிறேனா? கையை உள்ளே விட்டு, அடித்தட்டிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் தூக்கிக் காட்டினால்தான் என் வாயில் விலையே வரும்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. கட்டில் முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் நாற்காலியில் சாய்ந்தே தூங்குகிறேன். மாடிக்கு ஏறுவது வீண் வேலை என்று சாமானையெல்லாம் கீழே கொண்டுவந்துவிட்டேன். மார்ச்சில் மேடை ஏறுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 8

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுகமா? நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் உனக்கு எழுதியதைத் தபாலில் போடச் சொன்னார். ஒட்டாமல் கொடுத்தார், படித்தேன். முதுகு வலியாம்! படுத்தால் மூச்சு அடைக்கிறது, அதனால்தான் நாற்காலி. மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டார், அதனால்தான் சாமான் கீழே வந்தது. நேற்று சந்தையில் ஏதோ ஒரு சிரிப்புக்குச் சிரிக்கப்போய் மூச்சு மாட்டி, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தகரம்தான் தோளில் தாங்கி வீட்டில் கொண்டுவந்து விட்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"ஏங்க, டாக்டர்கிட்டே போலாம்" என்றால், "என் தங்கச்சி ஒண்ணும் இல்லேன்னுட்டா" என்று சீட்டில் எழுதிக் காட்டுகிறார். அந்தச் சீட்டையே பத்திரமாக வைத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அதையே நீட்டுகிறார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்பது உண்மையானால் எனக்குக் கொஞ்சம் தைரியம் சொல். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்புள்ள,
அண்ணி

*

பிப்ரவரி 12

அண்ணா,

அண்ணியிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன், உன் டாக்டரிடமும் பேசிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில், கழுத்தில் குழாயோடு இருப்பாய். அந்தக் குழாய் மூச்சுக்கு. ஏன் இவ்வளவு அவசரம் என்று யாரும் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டும்.

நான் சொன்னது தப்பு.

'நாற்காலியில் தூங்குகிறேன்' என்று எழுதியிருந்தாயே, அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உன் பார்சலில் இருந்த இன்னொரு உறை ஞாபகம் வந்தது. ஸ்கேன் படங்கள். அதை நான் பிரிக்கவே இல்லை, அண்ணா. எங்கள் வேலையில் முதல் பாடமே, எலும்பு, குருத்தெலும்பு என்றால் படத்தைப் பார்க்காமல் ஸ்லைடைப் படிக்காதே என்பதுதான். புதிதாக வருகிறவர்களை அதற்காகவே திட்டுகிறவள் நான். உன் ஸ்லைடு வந்ததும் எல்லாம் மறந்து போச்சு. ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என்கிற ஆசையோடுதான் உட்கார்ந்தேன். ஆசைப்பட்டதையே பார்த்தேன்.

படத்தில் அந்த மோதிர வளையத்தின் பின்பக்கம் ஊதி, நடுவில் பாப்கார்ன் இறைத்தது மாதிரி சுண்ணாம்புத் துணுக்குகள். குருத்தெலும்புக் கட்டி. ரொம்ப அரிது. நான் இத்தனை வருஷத்தில் கழுத்தில் பார்த்தது ஒன்றே ஒன்று. இடுக்கி மேல் சிம்பை மட்டும் கிள்ளியதால் அது நல்லதாகத் தெரிந்தது. நீ கை விடுவாயே, அந்த அடித்தட்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை. கட்டிக்குள் குருத்தெலும்பு ஏன் வந்தது என்று நானும் கேட்கவில்லை.

நல்லதையும் சொல்கிறேன். இது மெதுவாக வளர்கிற ஜாதி. உடம்பில் வேறு இடத்துக்கு ஓடுவது அபூர்வம். கரண்ட் வைத்தியமோ ஊசி மருந்தோ இதற்கு அவ்வளவாகப் பிடிக்காது, கத்திதான் மருந்து. குழாய் வைக்கும்போதே ஆழமாக ஒரு துண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அது என்னிடம் வராது, எங்கள் தலைமை மருத்துவருக்குப் போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள். திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது.

சுண்டெலி

*

மார்ச் 19

சுண்டெலிக்கு,

சுகமா? இங்கே மூச்சு வருகிறது.

உன் நாலு கடிதமும் வந்தன. பதில் எழுதக் கை வரவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம் இருந்தால் எழுதியிருப்பேன்.

கட்டிதான் என்று உங்கள் தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார். இங்கே பெரிய சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குரல்வளையையே முழுசாக எடுத்துவிடுவதுதான் பத்திரம் என்கிறார். உயிருக்கு உத்தரவாதம், குரல் கிடையாது. கழுத்தில் காலத்துக்கும் ஓட்டை. "ஒரு சின்ன மெஷின் இருக்கு, கழுத்துல வச்சாப் பேசலாம்" என்றார். வைத்துக் காட்டினார். ரேடியோ சரியாகப் பிடிக்காதபோது வருமே, அந்தச் சத்தம். அதை வைத்துக்கொண்டு நான் தக்காளி விற்பதா?

நான் கையெழுத்துப் போடவில்லை. மெதுவாக வளரும் என்று நீதானே எழுதினாய். வளரட்டும். குழாயை விரலால் மூடினால் இன்னும் கொஞ்சம் சத்தம் வருகிறது. அது வருகிற வரைக்கும் நான் மேடையில் இருப்பேன். அதோடு முடிந்தால் முடியட்டும்.

என்னைச் சரிக்கட்ட எழுத வேண்டாம்.

அண்ணன்

*

மார்ச் 27

அண்ணா,

முட்டிக்காரர் சுகம். நான் சுகமில்லை, உன் கடிதம் வந்ததிலிருந்து பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

மெதுவாக வளரும் என்றேன், வளராது என்றேனா? வசதியான வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வக்கீல் மாதிரி வாதாடாதே. அது வளர்ந்தால் குரலையும் எடுக்கும், மூச்சையும் எடுக்கும், கடைசியில் அந்த மெஷினை வைக்கக்கூட இடம் விடாது. மேடையில் கூவிக்கொண்டே போய்ச் சேர்வாயாம். போய்ச் சேர்கிற ஆளைப் பார்! அண்ணி என்ன செய்வாள் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி உண்டா? நான் என்ன செய்வேன் என்று உண்டா?

சரி, திட்டி முடித்தாச்சு. இப்போது கேள். என் ஆஸ்பத்திரியில் நாலாம் மாடியில் ஒரு தொண்டை சர்ஜன் இருக்கிறார். ஆள் ரொம்பக் குள்ளம், ஒரு மரப்பலகை போட்டு அதில் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். எல்லோருக்கும் அவர் குட்டை டாக்டரம்மா. எனக்கு ஆபீஸில் இப்போது வேலை குறைவு, அதனால் உன் படங்களைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஸ்கேனை அளந்தார். கட்டி வளையத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் பிடித்திருக்கிறது. "மீதி வளையம் நிக்கும்னு நெனைக்கிறேன். கட்டியை மட்டும் வளையத்தோட வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல அவரோட விலா எலும்புக் குருத்தையே வச்சுத் தைக்கலாம்" என்றார். அது சரியாக ஒட்டிக்கொண்டால் குழாயை எடுத்துவிடலாம். குரல் முன்னைப் போல இருக்காது. ஆனால் உன் குரலாக இருக்கும், மெஷின் குரலாக இருக்காது.

ஒரு நிபந்தனை உண்டு, மறைக்க மாட்டேன். திறந்து பார்க்கும்போது படத்தில் தெரிந்ததைவிட அதிகம் பரவியிருந்தால், முழுசாகத்தான் எடுப்பார். அதற்கும் நீ சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "அரை மனசா வர்றவங்களுக்கு நான் பலகை ஏற மாட்டேன்" என்கிறார்.

கிளம்பி வா அண்ணா. உன் காலில் விழுகிறேன் என்று எழுத நினைத்தேன், நீ நம்ப மாட்டாய். அதனால் வா என்று மட்டும் எழுதுகிறேன்.

சுண்டெலி

*

ஏப்ரல் 6

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள், நாங்கள் வருகிறோம்.

உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். ஏலம் முடிந்து எல்லோரும் போன நேரம், தரையெல்லாம் கீரைத் தண்டும் வெங்காயத் தோலும். காலி மேடையில் ஏறி நின்று, குழாயில் விரலை வைத்து மூடி, "ஒரு தரம்" என்றார். அடுத்த வார்த்தைக்குள் மூச்சு போதவில்லை. விரலை எடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

தகரம் மூட்டைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் போல. மேலே ஏறி வந்து, "அண்ணே, மேடையை நான் சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு வேணாம். போய்ட்டு வாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டு எழுதி நீட்டினார். 'துணி எடுத்து வை. ரெண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.'

அண்ணி

*

ஏப்ரல் 29
நாலாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்

இரண்டாம் மாடியில் வசிக்கும் டாக்டர் சுண்டெலி அவர்களுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய நிலைமை, ஏனென்றால் எனக்கு நினைவு தெளிந்ததிலிருந்து நீ ஒரு தடவைகூட மேலே வரவில்லை! ஒரே கட்டடத்துக்குள் கடிதப் போக்குவரத்து! நர்ஸ் இதைக் கொண்டுவந்து கொடுப்பாள். தபால் தலை கேட்கிறாள்.

விலாவில் ஒரு தையல், கழுத்தில் ஒரு தையல், மூக்கில் சாப்பாட்டுக் குழாய். உன் குட்டை டாக்டரம்மா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் எதன் மேலேயோ ஏறி நின்று, "முழு உருண்டையா வெளியே வந்துடுச்சு. பாக்கி வளையம் கெட்டியா நிக்குது. குரல் நாணைத் தொடவே இல்ல" என்றார். அவரும் மேடைக்காரர்தான், அதனால் எனக்கு அவரைப் பிடித்துப்போச்சு. "ஓரம் சுத்தமான்னு ஸ்லைடு வந்தாத்தான் தெரியும். சுண்ணாம்பை ஊற வச்சுக் கரைச்சுத்தான் வெட்டணும், ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றும் சொன்னார். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் கட்டி மிச்சம் இருந்தால் மறுபடி திறக்க வேண்டும். அப்போது குரல்வளை மிஞ்சாது.

இப்போது உன் விஷயம். 'வேலை குறைவு' என்று எழுதினாயே. உன் அண்ணி கீழே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். பிப்ரவரியிலிருந்து நீ ஒரு ஸ்லைடும் பார்க்கவில்லையாம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நீயாகத்தான் மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டு மூடிவிட்டு, பழைய ஸ்லைடுக் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று உன் தலைமை மருத்துவரே வருத்தப்பட்டாராம். எனக்கு ஒரு வார்த்தை எழுதினாயா? நான் நாற்காலியில் ஏன் தூங்கினேன் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு, நான் இதைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைப்பு! (முதுகு வலி இல்லை, மூச்சுத்தான் என்று உனக்கு யார் எழுதியது என்பதும் எனக்குத் தெரியும். உன் அண்ணிக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.)

அடியே, மேடையில் தப்பு விலை கூவாத ஏலக்காரன் யார்? ரெண்டு மணி அடிப்போம், மறுபடி கூவுவோம். மேடையை விட்டு இறங்க மாட்டோம். நீ தப்பைச் சொன்ன அன்றைக்கே உன் மணியை அடித்தாச்சு. மறுபடி கூவுவதுதான் பாக்கி.

என் ஸ்லைடை முதலில் உன் தலைமை மருத்துவர் பார்க்கட்டும். அடுத்து நீ பார். இந்தத் தடவை ஸ்கேன் உறையைப் பிரித்துவிட்டுப் பார். நீ சொன்னால்தான் நம்புவேன். இது பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். குரல் இல்லாதவனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

அண்ணன்

*

மே 2
இரண்டாம் மாடி

அண்ணா,

நர்ஸ் வாசலிலேயே நிற்கிறாள், பதில் இல்லாமல் மேலே வரக் கூடாது என்று நீ மிரட்டினாயாம்.

மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினேன். முதலில் ஸ்கேன் படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். பிறகு ஸ்லைடு. நடுவிலிருந்து ஆரம்பித்தேன். சில இடத்தில் ஒரே அறையில் ரெண்டு செல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதுதான் இந்தக் கட்டியின் கையெழுத்து. அடக்கமான ரகம், மூர்க்கமானது இல்லை. பிறகு ஓரத்துக்கு வந்தேன். வெட்டின இடம் தெரிவதற்காக மை தடவிய கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லா ஸ்லைடிலும் பார்த்தேன். அடித்தட்டையும் விடவில்லை.

ஓரம் சுத்தம், அண்ணா.

தலைமை மருத்துவர் தனியாகப் பார்த்து எழுதியதும் இதேதான். ரெண்டு பேரும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. நான் எழுதி முடித்த பிறகுதான் அவருடைய தாளைத் திருப்பிக் காட்டினார். மறுபடி திறக்க வேண்டியதில்லை. உன் குரல்வளை உனக்குத்தான். பல வருஷம் கழித்துக்கூட மெல்லத் தலை காட்டக்கூடிய கட்டி இது, அதனால் வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டும். படத்தை நான்தான் பிரிப்பேன்.

நான் மேலே வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும். குழாயும் கையுமாக உன்னைப் பார்க்கிற தைரியம் இல்லை. மூணு வாரம் நீ மூச்சுக்கு அல்லாடியது என்னால்தான் என்பது போகவே மாட்டேன் என்கிறது. போகாவிட்டால் போகிறது. இந்தக் காகிதத்தை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் படி ஏறி வந்துவிடப்போகிறேன். அழுதால் சிரிக்காதே. சிரித்தால் தையல் பிரியும்.

சுண்டெலி

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

இந்த வீட்டில் எல்லோரும் சுகம். இந்தத் தடவை 'தவிர' கிடையாது.

குழாய் எடுத்து, ஓட்டையும் தானாக மூடிக்கொண்டது. பயிற்சி கொடுக்கிறவர் ஆ, ஈ, ஊ என்று சொல்லச் சொன்னார். நான் "தக்காளி" என்றேன். உன் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "யாருங்க வந்திருக்காங்க?" என்றாள். புதுக் குரல் அப்படி. கீழே இறங்கிப்போய், சல்லடையில் மணல் போட்டது மாதிரி இருக்கிறது. கத்தவே கூடாது என்பது குட்டை டாக்டரம்மாவின் உத்தரவு. கத்தாத ஏலக்காரனை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

நேற்று மேடை ஏறினேன். விடிந்தும் விடியாத நேரம், லாரிகள் பின்பக்கம் காட்டிக்கொண்டு நிற்கின்றன, சுமைக்காரர்கள் வழி வழி என்று கத்துகிறார்கள், பத்து மேடையிலும் ஏலம். இந்தக் காட்டில் என் குரல் எடுபடாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெட்டியில் கை விட்டு, அடித்தட்டிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "நல்ல பழம்" என்றேன், வீட்டில் பேசுகிற அளவுக்கு.

முதல் வரிசையில் ஒருத்தர் கையைக் காதுக்கு வைத்தார். பக்கத்து மேடையில் தகரம் பாதி விலையில் நிறுத்திவிட்டு மணியைப் பிடித்து அடித்தான் பார். "டேய், சும்மா இருங்கடா! அண்ணன் பேசறாரு!" வெங்காயக்காரர் அடுத்த மேடைக்காரனை அடக்கினார். அவன் அதற்கடுத்தவனை. லாரிக்காரன் இன்ஜினை அணைத்தான். நம்பமாட்டாய், அந்தச் சந்தையில் மூலையில் இருக்கிற தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டேன். இத்தனை வருஷம் நான் கத்திக் கத்தி வாங்காத அமைதி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கட்டியால் இல்லை.

தக்காளி சந்தையிலேயே நல்ல விலைக்குப் போனது. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், நீ பங்கு கேட்பாய்.

இனிமேல் நான் கடிதம் எழுதப்போவதில்லை. விரல் வலிக்கிறது. இது உன் கையில் கிடைக்கிற அன்றைக்குப் போன் அடிக்கும். எடு.

அன்புடன்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன், எனக்குக் கடைசி வார்த்தை வேண்டும்.

போன் வந்தபோது நான் மைக்ராஸ்கோப்பில் இருந்தேன். யாரோ ஒரு அம்மாவின் எலும்புத் துண்டு, பக்கத்திலேயே அவருடைய படம். எடுத்து 'ஹலோ' என்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். விசில் இல்லாத, சுத்தமான மூச்சு. அதைக் கேட்டதுமே கண் நிறைந்துவிட்டது. பிறகு மணல் சலிக்கிற அந்தக் குரல்.

"சுண்டெலி ஒண்ணு! கொஞ்சம் பழசு, கண்ணு நல்ல கண்ணு! அடித்தட்டு வரைக்கும் பாத்தாச்சு! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அங்கே நிறுத்திவிட்டாய். ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லை. மூச்சு மாட்டிக்கொண்டதோ, தையல் விட்டதோ என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "அண்ணா? அண்ணா! மூணாவது தரம் என்னாச்சு?" என்று கத்தினேன். லேபில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணாவது தரம் கிடையாதுடி," என்றாய். "இது விக்கிறதுக்கு இல்ல."

உன்,
சுண்டெலி